ஏழும் எட்டும்

ஃபிரடி இரண்டு முறை தோற்றது ஒரே தாளில். பியானோ டிப்ளமோவில் மற்றதெல்லாம் தேறிவிட்டான். காதால் மட்டும் கேட்டு ஓர் உருப்படியைப் பகுத்து எழுத வேண்டிய தாள்தான் நின்றது. திருத்தியவர் ஓரத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்: 'நீங்கள் வர்ணிக்கிறீர்கள். பகுக்கவில்லை.' இந்த முறையும் போனால் எல்லாத் தாள்களையும் முதலிலிருந்து எழுத வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கட்டுரையை அனுப்ப வேண்டும்.

கொடுத்திருந்தது ஒரு பியானோ கான்செர்ட்டோ. பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது. எழுதியவர் மினிமலிஸ்ட், நாலைந்து ஸ்வரங்களையே திரும்பத் திரும்ப ஓடவிடுகிற வகை. அதன் இரண்டாம் பாகத்தை ஃபிரடி இரண்டு மாதமாகக் கம்பெனி பஸ்ஸில் கேட்டுவந்தான். நோட்டில் எழுதியிருந்த பக்கங்களில் 'கடல்' என்று இருந்தது, 'தியானம்' என்று இருந்தது.

திங்கட்கிழமை காலை வடக்குப்பட்டில் ஏறிய சிவசங்கர் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். ஃபிரடி தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறான். சிவசங்கர் ஸ்டாப்வாட்ச்சோடு லைன் லைனாகப் போய், ஒரு வேலை ஒரு சுற்று முடிய எத்தனை வினாடி ஆகிறது என்று குறிப்பவன்.

"இன்னா ஃபிரடி, எப்பப் பாத்தாலும் மாட்டிகினே கீற. நமக்கும் ஒண்ணு குடேன்."

"உனக்குப் புடிக்காது. தூக்கம் வந்துடும்."

இயர்போனில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தான். சிவசங்கர் தூங்கவில்லை. கட்டைவிரல் தொடையில் தட்டிக்கொண்டே வந்தது. ஒரகடம் சந்திப்பில் டிரெய்லர்களுக்குப் பின்னால் பஸ் நின்றபோது சொன்னான்:

"வலது கை ஏழு, இடது கை எட்டு."

"இன்னா?"

"வலது கை ஏழு தட்டு தட்டிட்டு திரும்ப ஆரம்பிக்குது. இடது கை எட்டு. அம்பத்தாறு தட்டுக்கு ஒருக்காதான் ரெண்டும் ஒண்ணா ஸ்டார்ட் ஆவுது. பாரு... இப்போ."

இரண்டு கைகளும் ஒரே அடியில் விழுந்தன. ஃபிரடிக்கு உடம்பு சிலிர்த்தது. 'கடல்' என்று அவன் எழுதியிருந்த இடம் அது. அடுத்த கணமே வயிறு எரிந்தது.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நம்ம லைன்ல தினம் பாக்கறதுதானே. ஒரு ஸ்டேஷன் ஏழு செகண்டு, பக்கத்து ஸ்டேஷன் எட்டு."

பின் சீட்டிலிருந்து அசெம்பிளி அம்சவல்லி எட்டிப் பார்த்தாள். "இன்னா சங்கரு, பஸ்லயும் எண்ணிகினு கீறியா? நாங்க வுடுற மூச்சையும் எழுதிக்கோ."

பஸ்ஸே சிரித்தது. சிவசங்கரும் சிரித்தான். ஃபிரடி சிரிக்கவில்லை. எட்டு வயதில் கீபோர்டில் கை வைத்தவன் அவன். பதினான்கு வருடமாக ஞாயிறு ஆராதனையில் வாசிப்பவன். சிவசங்கர் வீட்டில் ஒருவரும் ஒரு வரி முணுமுணுத்ததில்லை. ஒரு ஹார்மோனியத்தைக்கூட இவன் தொட்டிருக்கமாட்டான்.

"அப்பிடியெல்லாம் இல்ல சங்கர். இது ஃபீல். எண்ணினா போயிடும்."

"அப்பிடியா? சரிப்பா. உனக்குத்தானே தெரியும்."

துளி வருத்தம் இல்லாமல் சொன்னான். அதுதான் தைத்தது.

அன்று சாயங்காலம் ஃபிரடி வீட்டில் உட்கார்ந்து எண்ணினான். ஐம்பத்தாறு. கடலை அடித்துவிட்டு ஐம்பத்தாறு என்று எழுதினான். ஆனால் நான்காவது முறை சேர்ந்த பிறகு என்னவோ நழுவியது. அது என்னவென்று பிடிபடவில்லை. செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. அடுத்த பக்கம் வெள்ளையாகவே இருந்தது. சிவசங்கரைக் கேட்டிருக்கலாம். இரண்டு நாளும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தான்.

வியாழக்கிழமை சிவசங்கர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். லைனில் அவன் நிரப்புகிற படிவம். வேலையின் பெயர் என்ற கட்டத்தில் 'பியானோ' என்று எழுதியிருந்தது. ஆபரேட்டர் என்ற கட்டத்தில் வலது கை, இடது கை.

"நீ ஃபீலுன்ன இல்ல? நாமதான் தப்பா எண்ணிட்டோமோன்னு நெனச்சேன். உன் போன்ல பேரு பாத்து வெச்சிருந்தேன். நம்ம போன்லயே போட்டு எண்ணினேன். பேட்டரிதான் காலி."

ஃபிரடி தாளைப் படித்தான்.

"நாலாவது தபா சேந்துது பாரு, அதுக்கப்புறம் இடது கை ஒரே ஒரு எட்டு தட்டுது. அப்புறம் அதுவும் ஏழு ஆயிடுது. ரெண்டும் ஒரே சைக்கிள், ஆனா இடது கை ஒரு தட்டு பின்னாலயே ஓடுது. இனிமே சேரவே சேராது, எவ்ளோ நேரம் ஓடினாலும்." சிவசங்கர் குரலைத் தாழ்த்தினான். "அந்த எடத்துல எனக்கு ஒரு மாதிரி ஆயிடிச்சுப்பா. ஏன்னு தெரியல."

எண்ணியும் இருந்தான், அவனுக்கு அந்த ஃபீல் போகவும் இல்லை.

"சரியா கீதா?"

சரியாக இருந்தது. ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை. நாளைக்கு அனுப்ப வேண்டிய கட்டுரை முழுவதும் அந்தத் தாளில் இருந்தது. ஃபிரடி அதை நான்காக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான்.

"ஒரு எடத்துல தப்பு பண்ணிட்ட," என்றான்.

சிவசங்கரின் முகம் வாடும் என்று பார்த்தான். வாடவில்லை, மலர்ந்தது.

"அப்பிடியா? குடு, குடு."

ஃபிரடி ஓர் இயர்போனை நீட்டினான்.

"ரெண்டையும் குடுப்பா. பஸ் சத்தத்துலதான் வுட்டிருப்பேன்."

இரண்டையும் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான். போன் ஃபிரடியின் கையில் இருந்தது. ஒயர் அங்கிருந்து சிவசங்கரின் காதுகளுக்குப் போனது. ஃபிரடிக்கு என்ஜின் சத்தம்தான் கேட்டது. தொடையில் தட்டும் விரலைப் பார்த்தே எண்ண முயன்றான். ஏழு வந்தது, மறுபடி ஏழு, பிறகு விட்டுப்போயிற்று. பஸ் ஒரகடம் தாண்டியது. ஓர் இடத்தில் சிவசங்கரின் விரல் நின்றது. புருவம் லேசாக உயர்ந்தது, உதடு பிரிந்தது. அந்த இடம் வந்துவிட்டது என்று ஃபிரடிக்கு அந்த முகத்திலிருந்துதான் தெரிந்தது.

கம்பெனி கேட் அருகே பஸ் நின்றது. அம்சவல்லி தோளைத் தட்டிய பிறகே சிவசங்கர் கண்ணைத் திறந்தான். கண் ஈரமாக இருந்தது.

"தப்பு ஒண்ணும் மாட்டலப்பா. சாயந்தரமும் குடு," என்றான். இரண்டு படி இறங்கியவன் திரும்பிப் பார்த்தான். "எங்கன்னு மட்டும் சொல்லிடாத ஃபிரடி. நானே புடிக்கிறேன்."