வாக்கியத்தின் முதல் பாதி

மரக்காணம் உப்பளத்தில் இன்னும் சாகாதவர்கள் வந்து நின்றது ஒரு மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு. நானூறு பேர் இருக்கும். உப்பு வாரிக்கொண்டிருந்த வைஜெயந்திதான் முதலில் பார்த்தாள். ஒருவன் கையில் டீ கிளாஸ் இருந்தது, ஆவி இன்னும் அடங்கவில்லை. ஒரு பெண் பாதிப் பின்னலோடு நின்றாள். முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர், அவருக்குப் பின்னால் சவரக் கத்தியோடு இன்னொருவர். அவர்கள் மிதித்த இடத்தில் உப்பு நொறுங்கவில்லை. மேஸ்திரி பக்கிரி ஓடிவந்து, "ஏம்பா, யாரு நீங்கள்லாம்? ஆளு வேணும்னு யாரு சொன்னது?" என்று கேட்டார். அவர்கள் பேசிய மொழி அங்கே யாருக்கும் புரியவில்லை. டெல்லியில் முப்பத்தோரு வருடம் சுருக்கெழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்திருந்த தட்சணாமூர்த்தியைக் கூட்டிவந்தார்கள்.

தட்சணாமூர்த்தி இந்தியில் விசாரித்தார். எல்லைக்கு அந்தப் பக்கத்து நகரம் ஒன்றின் பெயரைச் சொன்னார்கள். தாங்கள் சாகவில்லை, சாகப்போகிறோம் என்றார்கள். ஒரு வெளிச்சம் வரும் என்பதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. டீ கிளாஸ்காரன் மட்டும், எப்போது என்று கேட்டான். தட்சணாமூர்த்தி தலை குனிந்துகொண்டார். அவர்களை அவருக்குத் தெரியும்.

பல வருடங்களுக்கு முன், பூட்டிய அறை ஒன்றில், அணுகுண்டை நாடு எப்போது பயன்படுத்தும் என்ற கொள்கையை ஐந்து அதிகாரிகள் வகுத்தார்கள். குறிப்பெடுத்தவர் தட்சணாமூர்த்தி. கடைசியில் எல்லாம் ஒரு வாக்கியத்தில் வந்து நின்றது: நாம் முதலில் போடமாட்டோம், நம் மீது போடப்பட்டால், எதிரியால் தாங்க முடியாத பதிலடி கொடுப்போம். தாங்க முடியாதது என்றால் எவ்வளவு என்று சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேசினார்கள். ஒரு நகரம் போதும் என்றார் ஒருவர். இரண்டாவது இருக்கட்டும் என்றார் மற்றவர். மூன்றாமவர், எண்ணிக்கை முக்கியமில்லை, நாம் செய்வோம் என்று எதிரி நம்ப வேண்டும், அதற்கு முதலில் நாம் நம்ப வேண்டும் என்றார். தட்சணாமூர்த்தி அந்த நிமிடமே நம்பிவிட்டார். பிழையில்லாமல் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டு, வழியில் காலிஃபிளவர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வந்தவர்கள் போகவில்லை. வேலையாட்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகினார்கள். வைஜெயந்தி தன் சாப்பாட்டுப் பையை உயரமான ஒருவனின் தோளில் மாட்டிவைத்தாள். ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீரில் நனையாமல் நின்றார்கள். தட்சணாமூர்த்தி தினமும் காலையில் போய் அவர்கள் எதிரே சற்று நேரம் நிற்பார். மன்னிப்புக் கேட்க இந்தியில் அவருக்குத் தெரிந்த சொற்கள் எல்லாம் அலுவலகச் சொற்களாக இருந்தன.

மூன்றாம் வருடம், வடக்கிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வேறு ஒரு கூட்டம் நடந்து வந்தது. அவர்கள் தமிழ் பேசினார்கள். சென்னைக்காரர்கள். அவர்களில் தட்சணாமூர்த்தியின் மகள் சூர்யகலாவும் இருந்தாள். நேராக வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அதே நேரத்தில் சென்னை அலுவலகத்திலிருந்து போனில் அம்மா வசந்தாவிடம் கேன்டீன் சாம்பாரைத் திட்டிக்கொண்டிருந்ததும் சூர்யகலாதான்.

அன்றுதான் தட்சணாமூர்த்திக்கு உறைத்தது. வாக்கியத்தின் முதல் பாதியிலும் ஆட்கள் இருந்தார்கள். 'நம் மீது போடப்பட்டால்' என்பதற்குள் அவர் மகள் இருந்தாள். இரண்டாம் பாதிக்கு ஒரு நாள் முழுக்க வாதாடிய அந்த அறையில், முதல் பாதியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை.

வசந்தா அழுது முடித்து, வந்தவளுக்குத் தலைவாரிவிட்டாள். "இங்க பாருங்க, காதோரம் நரைச்சிருக்குது. நம்ம பொண்ணுக்கு இப்ப முப்பத்திரண்டுதான். இன்னும் பதினைஞ்சு, இருபது வருஷம் இருக்குதுங்க" என்றாள். அதிலிருந்து தினமும் வாரிவிட்டு, நரை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். தட்சணாமூர்த்தி மகளுக்குப் போன் போட்டு, "சென்னைய விட்டுட்டு வந்துடும்மா" என்றார். "வந்து என்னாப்பா பண்றது, உப்பு வார்றதா?" என்று சிரித்தாள் மகள். முதல் பாதியைத் திரும்பப் பேச வேண்டும் என்று பழைய அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். கடிதம் கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது.

அடுத்த வருடம் ஒரு முற்பகலில், தொலைக்காட்சியில் யாரோ ஒருவர், முதலில் போடமாட்டோம் என்பது இதுவரைக்கும் சரி, இனிமேல் சூழ்நிலையைப் பொறுத்தது என்றார். உப்பளத்தில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வடமேற்கே திரும்பினார்கள். வீட்டில் சீப்போடு இருந்த வசந்தா, "ஏங்க!" என்று கத்தினாள். நரை இல்லை. ஒரு முடிகூட இல்லை.

பொங்கலுக்கு சூர்யகலா வந்தாள். கூடத்தில் தன்னைப் பார்த்தாள்.

"யாரும்மா இது?"

"நீதாண்டி."

சூர்யகலா எதிரே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு மற்றவளின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். "இவ எதுக்குனா பயப்படுறாளாம்மா?"

"இல்லடி. வந்த நாள்லேர்ந்து எதுக்கும் பயப்படல."

"அப்ப சரி" என்றாள் சூர்யகலா.

காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை, லீவு முடிந்து சென்னை பஸ் ஏறினாள். தட்சணாமூர்த்தி பஸ் மறையும்வரை நின்றுவிட்டுத் திரும்பினார். வீட்டில் மற்றவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வசந்தா மூன்று பேருக்கு அரிசி களைந்தாள்.