ஒன்பதும் ஒன்பதும்

எனக்கு முன்கோபம் அதிகம் என்று நேபாள்கஞ்சில் எல்லோரும் சொல்வார்கள். விமான நிலைய வாசலில் டீ விற்கிறவன்கூடச் சொல்வான். ஆனால் கேப்டன் டேக் விக்ரம் ஷாஹியின் கையை நான் கடித்தது கோபத்தில் இல்லை. கடிப்பதைத் தவிர அந்த நேரத்தில் எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

அன்று காலை விமானத்தின் மூக்கருகே நின்று அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் அவருடைய தங்கை புருஷன் கர்ண மல்ல. தங்கை ரூப்சரா ஸார்கோட்டில் பிரசவித்து ஒரு நாளாகிவிட்டது. ரத்தப்போக்கு நிற்கவில்லை. மண் சரிந்து சாலை போய்விட்டது. இரண்டு நாளாக மேலே ஒரே பனிமூட்டம், ஹெலிகாப்டர்காரர்களும் கையை விரித்துவிட்டார்கள். ஸார்கோட் மருந்தகத்தில் இருந்தது ஒரு கம்பவுண்டரும் குளுக்கோஸ் பாட்டில்களும்தான்.

"அழாத கர்ணே," என்றார் கேப்டன். "டவர்லேர்ந்து அஞ்சு கிலோமீட்டர் தெரியுதுன்னு ரிப்போர்ட் வந்தாத்தான் கம்பெனி எங்கள விடும். அது மட்டும் வரட்டும். அவள ஏத்தி இங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துடறேன், மீதிய நான் பாத்துக்கறேன்."

ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை என்றுதான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். சொன்ன வாய் ஒன்று, கேட்ட காது வேறு.

அரை மணியில் ரிப்போர்ட் வந்துவிட்டது. காற்று இல்லை, விசிபிலிட்டி ஐந்து கிலோமீட்டர். இரண்டு நாளாக எதிரில் நிற்கிற ஆள் தெரியாத ஊரில் திடீரென்று ஐந்து கிலோமீட்டர். மலையில் அப்படி நடப்பதுண்டு, அதனால் நானும் ஏறி வலதுபக்க இருக்கையில், துணை விமானியின் இடத்தில், உட்கார்ந்தேன். பின்னால் பதினான்கு பயணிகள், நூடுல்ஸ் பெட்டிகள், அரிசி மூட்டைகள், கூடையில் இரண்டு கோழிகள். அவர்களைப் பார்த்துக்கொள்ள ரஜ்னி. வாய் ஓயாத பெண்.

"நுமா அக்கா, மேல ஆட்டம் இருக்குமா? முன் சீட் வாத்தியாரு இப்பவே வாந்திக் கவரக் கேக்கறாரு."

"ரெண்டா குடு," என்றேன்.

ஸார்கோட்டில் இறங்குவதென்றால் ஒரு பக்கத்திலிருந்துதான் முடியும், ஒரு தடவைதான் முடியும். ஓடுபாதை மேட்டில் ஏறிப் போய் மலையில் முட்டி நிற்கிறது. அதற்கு முன்னால் ஆற்றின் மேல் ஒரு தொங்குபாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஓடுபாதை முழுதாகக் கண்ணில் பட வேண்டும். படாவிட்டால் இடதுபுறம் திரும்பிவிட வேண்டும். பாலத்தைத் தாண்டினால் பள்ளத்தாக்கு ஒடுங்கிவிடும், திரும்ப இடமில்லை, மலையை மீறி ஏற எஞ்சினுக்குச் சக்தியும் இல்லை. இதில் சமரசமே கிடையாது. திரும்புங்கள் என்று ஒருவர் இரண்டு தடவை சொல்லியும் மற்றவர் கேட்காவிட்டால், சொன்னவர் விமானத்தைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் எங்களுடைய விதி. பயிற்சியில் அதைச் சிரித்துக்கொண்டே செய்வோம். மற்றவர் மயங்கியதுபோல் நாக்கை வெளியே தள்ளுவார்.

பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும், மேல்மட்டத்தில் காற்று அடிக்க ஆரம்பித்தது. தலை கூரையில் இடித்தது. பின்னால் ஏதோ மூட்டை அவிழ்ந்து அரிசி காக்பிட் வரைக்கும் ஓடி வந்தது. கீழே மேகம் கிழிந்து கிழிந்து கிடந்தது. நான் ஸார்கோட் டவரைக் கூப்பிட்டேன்.

டவர் என்பது தகரக் கூரை போட்ட மாடி அறை. அதில் ககேந்திர ரோகாயா. ஏழு வருஷமாக அதே ஆள், அதே பேச்சு. காற்றைச் சொல்வார், விசிபிலிட்டியைச் சொல்வார், "வா தங்கச்சி, உருளைக்கிழங்கு வெந்துக்கிட்டிருக்கு" என்று முடிப்பார். வெப்பநிலை, டியூ பாயிண்ட் எல்லாம் அங்கே யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. விசிபிலிட்டி காதில் விழுந்ததும் மலை விமானிகள் காதை மூடிக்கொள்வது வழக்கம்.

"ஸார்கோட் டவர். காத்து இல்ல. விசிபிலிட்டி அஞ்சு கிலோமீட்டர்." குரல் கரகரத்தது. "டெம்பரேச்சர் ஒன்பது. டியூ பாயிண்ட் ஒன்பது."

"பாத்தியா," என்றார் கேப்டன். "தெளிஞ்சிடுச்சு."

காற்றில் இருக்கிற ஈரம் எந்தக் குளிரில் பனியாக மாறுமோ அதுதான் டியூ பாயிண்ட். வெப்பநிலையும் அதுவும் ஒன்றாகிவிட்டால், காற்றில்லாத பள்ளத்தாக்கில் பனி தரையோடு தரையாகப் படுத்திருக்கும். அங்கே உட்கார்ந்து ஐந்து கிலோமீட்டர் தெரிகிறது என்று சொல்ல முடியாது. சொன்னால் இரண்டில் ஒன்று பொய்.

"ககேந்திர அண்ணே," என்றேன். "உருளைக்கிழங்கு வெந்துடுச்சா?"

அவர் எண்களையே திரும்பச் சொன்னார், "டெம்பரேச்சர் ஒன்பது. டியூ பாயிண்ட் ஒன்பது. ஒன்பது, தங்கச்சி." அடுத்த நொடி யாரோ அவரை அறைந்த ஓசை. ரேடியோ அடங்கியது.

"சார், அங்க யாரோ அவர அடிக்கறாங்க. பொய் சொல்ல வெக்கறாங்க. கீழ பனி இருக்கு. திரும்பிடலாம்."

"ரேடியோ இரைச்சல்."

"அறை சார். எனக்கு அறைக்கும் இரைச்சலுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"அஞ்சு கிலோமீட்டர்னு சொன்னானா இல்லையா?" அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "சொல்லிட்டான். நேத்து முளைச்சவ நீ எனக்கு டியூ பாயிண்ட் பாடம் எடுக்காத. அங்க ரத்தம் போய்க்கிட்டிருக்கறது என் தங்கச்சிக்கு. உன் தங்கச்சிக்கு இல்ல."

நான் கண்ணாடி வழியே ஓடுபாதையைத் தேடினேன்.

முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் நின்றது. அதற்குக் கீழே ஆறு ஒரு கோடாகத் தெரிந்தது, பிறகு அதுவும் பாதியில் அறுந்தது. இந்த விமானத்தில் எஞ்சின் நெம்புகோல்கள் தலைக்கு மேலே இருக்கும். கேப்டனின் வலது கை அவற்றைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தது. நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தோம்.

"ஓடுபாதை தெரியல. திரும்புங்க," என்றேன்.

அவர் நெம்புகோலை இன்னும் பின்னுக்கு இழுத்தார்.

"ஓடுபாதை தெரியல. திரும்புங்க சார்."

அவர் முன்னால் குனிந்து வெள்ளையையே வெறித்தார். உதடுகள் அசைந்தன. தங்கையின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"விமானம் என் கையில," என்று சொல்லிவிட்டு என் சக்கரத்தை இடதுபக்கம் வளைத்தேன். அவர் தன் சக்கரத்தை வலதுபக்கம் இழுத்தார். இரண்டும் ஒரே தண்டில் இருக்கிறவை. விமானம் அப்படியும் இப்படியும் புரண்டது. பின்னால் எல்லோரும் ஒரே நேரத்தில் அலறினார்கள். நான் எழும்பி நெம்புகோலைப் பிடிக்கப் போனேன். அவர் முழங்கையால் என் வாயில் இடித்தார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. முன்பல் ஒன்று பாதியாக உடைந்து நாக்கில் விழுந்தது. வாயெல்லாம் ரத்தம், இருமினால் கண்ணாடியில் தெறித்தது.

"கைய எடுடி. கொன்னுடுவேன்."

"கொல்லத்தானே போறீங்க, எல்லாரையும்," என்றேன். பல் உடைந்த வாயில் என்ன வந்ததோ தெரியாது.

கீழே தொங்குபாலத்தின் கம்பிக்கயிறு ஒரு கணம் தெரிந்தது. அதற்குள் வந்துவிட்டோம். இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தலையை உயர்த்தி, நெம்புகோல் மேல் இருந்த அவர் கையைக் கடித்தேன். மணிக்கட்டுக்கு மேலே சதைப் பகுதியில், உடைந்த பல்லும் சேர்ந்து இறங்கியது. என் ரத்தத்தோடு அவர் ரத்தமும் கலந்தது. அவர் இடது கையால் என் காதோடு சேர்த்துக் குத்தினார். நான் விடவில்லை. ரஜ்னி எப்போது வந்தாள் என்று தெரியாது. தன் கழுத்துத் துணியை அவர் நெற்றியில் போட்டு, காலை இருக்கையின் முதுகில் முட்டுக்கொடுத்து, பின்னால் இழுத்தாள்.

"விடுங்கய்யா, விடுங்க," என்று அழுதுகொண்டே இழுத்தாள்.

அவர் விரல்கள் விரிந்தன. நெம்புகோல்களை முழுக்க முன்னால் தள்ளி இடதுபக்கம் சாய்த்தேன். எஞ்சின்கள் கத்தின. வேகம் போதாது என்று எச்சரிக்கை ஊளையிட்டது. வெள்ளைக்குள்ளிருந்து பாறை ஒன்று பக்கவாட்டில் வந்து, ஈரம் சொட்டும் பாசியெல்லாம் தெரிய, விலகிப் போனது. இறக்கையில் எதுவோ படபடவென்று அடித்தது. தேவதாரு மரத்தின் உச்சி. பச்சைக் கிளை ஒன்றை இறக்கையில் மாட்டிக்கொண்டு நாங்கள் வெயிலுக்குள் ஏறினோம்.

பின்னால் கோழிகள் கத்தின. கேப்டன் கடிபட்ட கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை இன்னொரு குத்து குத்த வேண்டும் போலவும், கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் எனக்கு ஒரே சமயத்தில் இருந்தது. ரஜ்னி துணியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றாள்.

ரேடியோ உயிர் பெற்றது. ககேந்திரரின் குரல் இல்லை அது.

"மச்சான், எங்க போறீங்க? தலைக்கு மேல சத்தம் கேட்டுச்சே. திரும்பிப் போற சத்தம் கேட்டுச்சே." கர்ண மல்லதான். அழுகையில் மூச்சு வாங்கியது. "அஞ்சு கிலோமீட்டர்னு சொல்லச் சொன்னீங்க, சொல்ல வெச்சுட்டேன். இவன் கழுத்துல குக்ரிக் கத்திய வெச்சுச் சொல்ல வெச்சிருக்கேன். இன்னும் எத்தன கிலோமீட்டர் சொல்லணும், சொல்லுங்க, பத்து சொல்லச் சொல்றேன்."

பின்னணியில் ஒருவர் முனகுவது கேட்டது. கேப்டன் முகத்தில் அதுவரை இருந்த வெறி வடிந்து போனதை நான் பார்த்தேன். தான் ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை மேலே போய்க் கத்தியாகியிருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ரத்தம் வழிகிற கையால் மைக்கை எடுத்தார்.

"கர்ணே. அவர விடு."

"வாங்க மச்சான். அவ கண்ண மூடி மூடித் தொறக்கறா."

"எனக்கு வழி தெரியல கர்ணே. பனி. என்னால எறங்க முடியாது." குரல் உடைந்தது. "அந்த ரிப்போர்ட்ட வெச்சு எறக்கியிருந்தா எல்லாரும் செத்திருப்போம். தப்பு என்மேல. நான்தான் அப்படிச் சொன்னேன். கத்தியக் கீழ போடு. அவ பக்கத்துல போய் உக்காரு. இங்க நின்னு நேரத்தக் கொல்லாத, போ."

எதுவோ தரையில் விழுந்த ஓசை. படியில் யாரோ தடதடவென்று இறங்கி ஓடும் ஓசை. பிறகு மூச்சு மட்டும். பிறகு ககேந்திரர் பேசினார். தாடை உடைந்த வாயிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

"ஸார்கோட் டவர். சரியான ரிப்போர்ட். காத்து இல்ல. விசிபிலிட்டி நூறு மீட்டர். பனி. டெம்பரேச்சர் ஒன்பது. டியூ பாயிண்ட் ஒன்பது."

கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டியது என் வேலை. என் வாயில் ரத்தம் கட்டியிருந்தது. கேப்டன் மைக்கை என்னிடம் கொடுக்கவில்லை.

"காத்து இல்ல," என்றார். "விசிபிலிட்டி நூறு மீட்டர். பனி. டெம்பரேச்சர் ஒன்பது." கண்ணீர் தாடையிலிருந்து சொட்டியது. "டியூ பாயிண்ட் ஒன்பது."

ரூப்சரா அன்று மதியம் செத்துப்போனாள். பனி விலக இன்னும் இரண்டு நாள் பிடித்தது.

பனி விலகியபின் முதல் விமானத்தில் நான்தான் போனேன். வேறொரு கேப்டன். டேக் விக்ரமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் உதட்டில் தையல் போட்டிருந்ததால் வேண்டாம் என்றார்கள், நான் ஒற்றைக்காலில் நின்றேன். ககேந்திரர் தாடையைத் துணியால் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு விமானத்தடிக்கு வந்தார். போலீஸில் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"பொண்டாட்டிய எரிச்சிட்டு வர்றவன்மேல என்னத்த எழுதிக் குடுக்கறது?" என்றார் பல்லைத் திறக்காமல். "அப்பறம் பாக்கலாம்."

அவருக்குப் பின்னால் மொட்டையடித்த தலையோடு, தையல் இல்லாத வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு, கர்ண மல்ல நின்றான். மார்போடு ஒரு சிறு மூட்டை. அது அசைந்தது.

"திருப்பினது நீதானா?" என்றான்.

"ஆமா."

குழந்தையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு மறு கையால் என்னை அறைந்தான். தையல் பிரிந்து ரத்தம் வாய்க்குள் இறங்கியது. ரஜ்னி ஓடி வந்தாள், கையைக் காட்டி நிறுத்தினேன். எனக்கு முன்கோபம் அதிகம் என்று சொன்னேனே, அன்றைக்கு அது எங்கே போனதோ தெரியவில்லை. அவன் இன்னொரு அறை விடுவான் என்று காத்து நின்றேன்.

அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு படியில் கால் வைத்தான். குழந்தையோடு ஏற முடியவில்லை. கைப்பிடியைப் பிடிக்க ஒரு கை வேண்டியிருந்தது.

"கொஞ்சம் புடி," என்று குழந்தையை என்னிடம் நீட்டினான். "கீழ ஆஸ்பத்திரில பால் கெடைக்கும்னாங்க."

வாங்கிக்கொண்டேன்.