மச்சானுக்குக் கொடுத்த பெயர்

கஞ்சித் தூக்குவாளியோடு வைரவன் வார்டுக்குள் நுழையப் போனபோது மலையாள நர்ஸ் குறுக்கே வந்து நின்றாள்.

"வைரவனைப் பார்க்கவா?"

"ஆமா சிஸ்டர்."

அவள் வாளியைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வைரவன் காலைல மரிச்சுப்போயி. மூச்சு கிட்டல்ல. டாக்டர்மார் ரொம்ப நோக்கினாங்க."

அவள் சொன்னது அவனுடைய பெயர். செத்துப்போனது அவன் அக்காள் நாகவள்ளியின் கணவர் உடையப்பன்.

உடையப்பன் சம்பளம் தராத அரபு முதலாளி, அந்தக் கஃபீலிடமிருந்து பாஸ்போர்ட்டைக்கூட வாங்காமல் ஓடி வந்தவர். துபாய் தேராவில் வைரவனின் ரூமில் ஒளிந்துகொண்டு, கிடைத்த கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். காய்ச்சல் வந்ததும் பனடால் மாத்திரையை விழுங்கிவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்தார். இருமல் நெஞ்சைப் பிடித்த பிறகும், "ஆஸ்பத்திரி வேணாம் மாப்ள. பத்தாக்கா கார்டு கேப்பான். இல்லன்னா நேரா போலீசுதான்" என்பதையே சொன்னார். இருமும்போது பக்கத்து ரூமுக்குக் கேட்கக் கூடாதென்று வாயில் துண்டை அடைத்துக்கொள்வார்.

உதடு நீலம் பாரித்ததைப் பார்த்த பிறகு வைரவன் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. தன் ஹெல்த் கார்டை எடுத்துக்கொண்டு டாக்சி பிடித்தான். இரண்டு பேருக்கும் தாடி. மூச்சுக்குத் தவித்த ஆளை உள்ளே தள்ளுகிற அவசரத்தில் கவுண்டரில் இருந்தவன் போட்டோவைச் சரியாகப் பார்க்கவில்லை.

"இந்த பில்டிங்குக்கு நான் சென்ட்ரிங் அடிச்சிருக்கேன் மாப்ள" என்றார் உடையப்பன், ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி. பிறகு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "பேரு சொல்லிக் கூப்ட்டா என்ன செய்ய?"

"வைரவன்னு கூப்புடுவாங்க மச்சான். திரும்பிப் பாருங்க. அவ்வளவுதான்."

இப்போது நர்ஸ் கேட்டாள். "நீங்க அவருக்கு ஆரு?"

"மச்சினன்."

"பேரு?"

அவன் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அவள் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டாள். "சாரமில்ல, விடுங்க. ஆபீஸ்ல இருந்து கம்பெனிக்குப் போன் பண்ணும். அவங்க ஊருக்குச் சொல்லிக்கும்."

அவன் திரும்பி நடந்தான். படியில் இறங்குகையில் வாளி சுவரில் இடித்துக் கஞ்சி சிந்தியது. வாசலில் வெயில் கண்ணைக் குத்தியது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அபரா படகுத்துறைக்குப் போகிற கூட்டம். அதில் கலந்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? கார்டை மாற்றிக் கொடுத்ததற்கு ஜெயில் என்று ரூமில் சொல்லிக் கேட்டிருக்கிறான். எத்தனை வருஷமென்று யாரும் சொன்னதில்லை. ஒரு போலீஸ் வண்டி மெதுவாகக் கடந்து போனது. அவன் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

கம்பெனி ஊருக்குச் சொல்லும். அவன் மனைவி விஜி தரையில் விழுந்து புரளுவாள். அவளைத் தூக்கிப் பிடிக்க அக்காள் ஓடி வருவாள், நெற்றி நிறையக் குங்குமத்தோடு. விஜிக்காவது அவன் எப்படியும் ஒரு போன் போட்டுவிடலாம். அக்காளுக்கு? மச்சான் எங்கே என்று அவள் கேட்டால், இன்னும் எத்தனை வருஷத்துக்கு ரூமில் இருக்கிறார் என்று சொல்வது?

அவன் மறுபடி படி ஏறினான்.

"சிஸ்டர்... நாந்தான் வைரவன்."

அவளுக்குப் புரியவில்லை. அவன் சட்டைப்பையில் இருந்த லேபர் கார்டை எடுத்து நீட்டினான். அவள் வாங்கிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. நடையின் இரு பக்கமும் பார்த்தாள்.

"ஈஸ்வரா! நான் ஒண்ணும் கேக்கல. நீ போயிக்கோ. வேகம் போ."

"போனா அவருக்கு யாரு சிஸ்டர்? பேரே இல்லாமப் போயிருவாரு."

"போலீஸ் வரும். தெரியுமில்லே?"

"தெரியும்."

அவள் டெலிபோன் பக்கம் போகாமல், முதலில் அவனைக் கீழே கூட்டிப் போனாள்.

சவ அறைக்காரர் பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு பட்டாணி. இழுப்பறையை இழுத்தார். உடையப்பனின் வாய் லேசாகத் திறந்திருந்தது, இருமல் வரும் நேரம் போல. கால் பெருவிரலில் கட்டியிருந்த அட்டையில் ஆங்கிலத்தில் வைரவன் என்று எழுதியிருந்தது.

"கோன் ஹை?" என்று உடலைக் காட்டி யாரென்று கேட்டார் பட்டாணி.

"உடையப்பன்" என்றான் வைரவன். ரூமில்கூட மெதுவாக மட்டுமே சொல்லிவந்த பெயர். இப்போது அறைக்கு வெளியேயும் கேட்டது.

நடையில் போட்டிருந்த பெஞ்சில் அவனை உட்காரச் சொல்லிவிட்டு நர்ஸ் மேலே போனாள். ஏசி குளிர் எலும்புக்குள் இறங்கியது. வெகுநேரம் கழித்து பூட்ஸ் சத்தம் கேட்டது. வந்தவர் வயதான போலீஸ்காரர். அவர் கிட்டே வருவதற்குள் வைரவன் எழுந்து, இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து வைத்து முன்னால் நீட்டினான்.

போலீஸ்காரர் அந்தக் கைகளைப் பார்த்தார். உட்கார் என்று தலையை அசைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தானும் பெஞ்சின் மறு முனையில் உட்கார்ந்தார். மேலிருந்து யாரோ வர வேண்டியிருந்தது போல. வைரவனும் உட்கார்ந்தான். கைகளைப் பிரிக்கவில்லை.