திரும்பி வராத காலி கேன்கள்

நூறு கேன் தண்ணீர் போனால் நூறு காலி கேன் திரும்ப வேண்டும். நிவாரணக் கிடங்கில் அதுதான் சட்டம். திரும்பியதைக் கழுவி நிரப்பினால்தான் வெள்ளத்தில் வீடிழந்தவர்களின் முகாமுக்கு மறுநாள் தண்ணீர். வேறு கேனுக்கு வழியில்லை.

முதல் நாள் எண்பது திரும்பியது. அடுத்த நாள் ஐம்பது. மூன்றாம் நாள் காலையில் லாரி பன்னிரண்டே கேனோடு கடகடவென்று வந்து நின்றபோது, கிடங்குக்காரியின் கண் லாரியின் புது டயரில் போய் நின்றது. லாரிக்காரன் அவளுடைய கொழுந்தன்.

"அவங்க தர மாட்டேங்கறாங்க அண்ணி."

"காலி கேனை வச்சு என்ன பண்ணுவாங்க? டயர் ஏது தம்பி?"

"மாமனார் வாங்கித் தந்தார்."

"எச்சில் கையால காக்கா ஓட்டாத மனுஷன், உனக்கு டயர் வாங்கித் தந்தாராக்கும்!"

"என்னைத் திருடன்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லல. டயர் சொல்லுது."

அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். கேன்களை விற்கிறான் என்றால் தன் மானம் போவது ஒரு பக்கம். நாளை அங்கே நானூறு தொண்டை காய்ந்துபோகும். பன்னிரண்டையும் நிரப்பி ஏற்றச் சொல்லி, தானும் ஏறிக்கொண்டாள். வண்டி எந்த வளைவில் மெதுவானாலும், 'இங்கேதான் இறக்குவானோ' என்று எட்டி எட்டிப் பார்த்தாள்.

முகாம் ஒரு பள்ளிக்கூடம். வகுப்பறைக்குள் நுழைந்தால், பெஞ்சுகளுக்கு அடியில் வரிசை வரிசையாக நீலக் கேன்கள். அத்தனையும் காலி. ஒன்றின் மேல் தையல்காரி ஒருத்தி சிம்மாசனம்போல் உட்கார்ந்திருந்தாள்.

"இதைக் கொடுத்துட்டா நீங்க திரும்பி வருவீங்கன்னு என்ன நிச்சயம்?" என்றாள் அவள். "போர்வை கொண்டு வரோம்னு கையெழுத்து வாங்கிட்டுப் போனவங்க போனவங்கதான். கேன் எங்ககிட்ட இருந்தா, நீங்க வந்துதானே ஆகணும்?"

"கேன் வராம தண்ணி எப்படிம்மா வரும்?"

"தண்ணி வராம கேன் எப்படிம்மா வரும்?"

கிடங்குக்காரி குனிந்து காலி கேன்களை எண்ணினாள்: எண்பத்தெட்டு, ஒன்றுகூடக் குறையவில்லை. வாசலில் நின்ற கொழுந்தன் வேறு பக்கம் பார்த்தான்.

"சரி, நான் இங்கேயே இருக்கேன்" என்றாள் கடைசியில். "தண்ணி வந்தப்புறம் என்னை விடுங்க. இப்ப கேனைக் கொடுங்க."

தையல்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எடைக்கு எடை பார்த்தா எங்களுக்கு நஷ்டமில்ல" என்று எழுந்துகொண்டாள்.

எண்பத்தெட்டுக் கேன்களோடு லாரி கிளம்பியது.

மதியம் போயிற்று. "வருவானா?" என்றாள் தையல்காரி.

"என் கொழுந்தன்" என்றாள் கிடங்குக்காரி. அது பதில்தானா என்று அவளுக்கே தெரியவில்லை.

பொழுது சாய்வதற்குள் ஹாரன் கேட்டது. எல்லாருக்கும் முந்தி ஓடியவள் அவள்தான். ஓடிப்போய் முதலில் கேன்களை எண்ணினாள். எண்பத்தெட்டும் இருந்தன. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள்.

"ஏன் தம்பி இவ்வளவு நேரம்?"

"கழுவ வேணாமா அண்ணி?"

அதற்குள் தையல்காரி, காலையில் வந்த பன்னிரண்டின் காலிகளைத் தானே தூக்கிவந்து லாரியில் அடுக்கினாள். பதினொன்றை. ஒன்றை மட்டும் பெஞ்சுக்கடியில் காலால் தள்ளிவிட்டாள்.

கிடங்குக்காரி அதைப் பார்த்தாள். கேட்கவில்லை.