பூக்கள் பகுதியில் ஒரு பல்செட்

பேருந்து நிலையத்தின் பின்பக்கம், பழைய டயர்கள் அடுக்கி வைத்திருக்கும் அறையை ஒட்டினாற்போல ஒரு சின்ன அறை இருக்கிறது. அதுதான் என் மாமாவின் அலுவலகம். பயணிகள் பேருந்தில் மறந்துவிட்டுப் போகிற பொருள்களை நடத்துனர்கள் அங்கேதான் கொண்டுவந்து கொடுப்பார்கள். குடை, கண்ணாடி, மருத்துவ எக்ஸ்ரே, ஒற்றைக் காலணி. ஒருமுறை ஒரு முழுக் கதவே வந்தது. கதவை யார் மறப்பார்கள் என்று மாமா மூன்று நாள் புலம்பினார். நான்காம் நாள் ஒரு தச்சர் வந்து, "பூட்டை வாங்கப் போனேன், கதவை விட்டுட்டேன்" என்று தலையைச் சொறிந்தார்.

மாமா என் அம்மாவின் தம்பி. வந்த பொருள்களைப் பற்றி ஒரு வலைப்பூ எழுதிவந்தார். எழுதிவந்தார் என்றால், அவர் சொல்வார், நான் தட்டச்சு செய்வேன். அவர் ஒற்றை விரலால் கோழி கொத்துகிற மாதிரி தட்டுவார். ஒரு குடையைப் பற்றி எழுதி முடிப்பதற்குள் மழையே நின்றுவிடும். நான் அதிகம் பேசமாட்டேன் என்பதால் என்னை "வாயாடி" என்று கூப்பிடுவார்.

எங்கள் பகுதிக்கென்று 'வட்டாரம்' என்று ஓர் இணையதளம் உண்டு. குடியிருப்போர் சங்கம் நடத்துவது. பார்க்க அழகாக இருக்காது. மஞ்சள் எழுத்து, பச்சைக் கோடு. ஆனால் தண்ணீர் எப்போது வரும், மின்சாரம் எப்போது போகும் என்று பார்க்க எல்லோரும் அங்கேதான் வருவார்கள். வலது ஓரத்தில் உள்ளூர்க்காரர்களின் பதினான்கு வலைப்பூக்களும் வரிசையாக இருக்கும். தண்ணீருக்காக வந்தவர் கண் ஓரமாகச் சறுக்கி, "நீலக் குடை, கைப்பிடியில் கீறல்" என்ற எங்கள் தலைப்பில் விழும். அட, நம்ம குடை! ஒரு நாளைக்கு இருநூறு பேர் எங்கள் பக்கத்துக்கு அப்படித்தான் வந்தார்கள்.

அந்த வியாழக்கிழமை ஒரு நடத்துனர் கைக்குட்டை முடிச்சு ஒன்றை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, பதினேழாம் நம்பர் பஸ்ல, கடைசி சீட்ல கிடந்துச்சு. பிரிச்சுப் பார்த்துட்டு எனக்கு மத்தியானச் சாப்பாடே இறங்கல."

மாமா பிரித்தார். ஒரு பல்செட். மேல் வரிசை, கீழ் வரிசை, முழுசாக. எங்களைப் பார்த்துச் சிரித்தது.

பல்செட் காய்ந்தால் கெட்டுவிடும் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னதால், மாமா அதை ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்தார். தினமும் காலையில் வந்ததும் முதல் வேலை தண்ணீர் மாற்றுவதுதான். பெருக்குகிற அக்கா வாசலில் நின்று சிரிப்பாள்.

"பெத்த அப்பனுக்குக்கூட இப்படி யாரும் பணிவிடை செய்யமாட்டாங்க."

"சிரி, சிரி. உனக்குப் பல்லு இருக்கு, சிரிக்கிற. இதைத் தொலைச்சவங்க வாயை மூடிக்கிட்டு எங்க உட்கார்ந்திருக்காங்களோ."

மற்றப் பொருளென்றால் மூன்று மாதம் வைத்திருக்கலாம். வாயில் வைக்கிற பொருளுக்குப் பதினைந்து நாள்தான். அதற்குள் யாரும் வராவிட்டால் டிப்போ மேலாளர் வந்து வாங்கிப்போய் அழித்துவிடுவார். இந்தப் பல்செட்டுக்கு அடுத்தவாரத்துக்கு அடுத்த வெள்ளி, மாலை நான்கு மணி வரை தவணை. மாமா அதைப் பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதினார்.

அன்றைக்கே வலைப்பூவில் போட உட்கார்ந்தோம். நான் 'பல்செட்' என்று தட்டியதும் மாமா கையைப் பிடித்துவிட்டார்.

"அடியே, அழி. ஊர் பூரா படிக்கும். அதுக்கப்புறம் அவங்க எந்த முகத்தை வச்சிக்கிட்டு வந்து வாங்குவாங்க?"

அவர் வழக்கமே அதுதான். ஒருமுறை ஒருவர் விட்டுப்போன விவாகரத்துத் தாள்களைக்கூட 'பழுப்பு உறைக்குள் சில தாள்கள்' என்றுதான் எழுதச் சொன்னார். என்ன பொருள் என்பது நமக்கும் அவர்களுக்கும் தெரிந்தால் போதும் என்பார். ஆகவே இப்படி எழுதினோம்:

தலைப்பு: கூச்சப்படாமல் வரவும்.

பதினேழாம் எண் பேருந்து, கடைசி இருக்கை, பூப்போட்ட கைக்குட்டையில் சுற்றியது. தண்ணீரில் வைத்திருக்க வேண்டிய பொருள். தினமும் தண்ணீர் மாற்றுகிறோம். பதினைந்து நாள்தான் வைத்திருக்க முடியும்.

வெள்ளியும் சனியும் யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை 'வட்டாரம்' தளம் மாறிவிட்டது.

திங்கட்கிழமை நான் திறந்து பார்த்தபோது வேறு எங்கேயோ வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். பெரிய பெரிய படங்கள், வட்டமான பொத்தான்கள், வெள்ளை வெளேர் என்று பின்னணி. அழகுதான். ஆனால் வலது ஓரத்தைக் காணவில்லை. பதினான்கு வலைப்பூக்களும் போன இடம் தெரியவில்லை. எங்கள் பக்கத்தின் அடியில் இருக்கும் எண்ணிக்கையைப் பார்த்தேன். ஆறு. அதில் இரண்டு தடவை வந்தது நானே.

"இருநூறு எங்க, ஆறு எங்க? கடைக்கு வெள்ளையடிச்சுட்டு வாசலை மூடிட்டானா?" என்றார் மாமா.

வாரம் முழுக்க அப்படியே போனது. ஐந்து, எட்டு, நான்கு. குடை கேட்டுக்கூட யாரும் வரவில்லை. மாமா தண்ணீர் மாற்றும்போது முன்பு மாதிரி முணுமுணுப்பதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்கு என்னவோ போலிருந்தது.

தவணைக்கு இரண்டு நாள் இருந்தது. அந்தப் புதன்கிழமை காலை எங்கள் பதிவின் கீழே இரண்டு பின்னூட்டங்கள் வந்திருந்தன. நான் ஓடிப்போய் மாமாவைக் கூப்பிட்டேன்.

முதலாவது: "வேர் விட்டதா? என்ன செடி என்று சொல்லவில்லையே."

அதற்குக் கீழே இன்னொருவர்: "கூச்சப்படும் என்கிறார்கள், தொட்டாச்சிணுங்கியாக இருக்கும். தினமும் தண்ணீர் மாற்றாதீர்கள், அழுகிவிடும்."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"எவன்டா இவன், பல்லுக்கு வேர் விட்டுச்சான்னு கேக்குறான்?"

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. புதிய தளத்தில் 'தோட்டம்' என்ற படத்தை அழுத்தினேன். உள்ளே செடி, விதை, உரம், பூ. 'பூ' என்பதை அழுத்தினேன். ரோஜாப்பூ, செம்பருத்திப்பூ, சாமந்திப்பூ. அதற்கடுத்து, வலைப்பூ. பதினான்கும் அங்கே வாடிக்கொண்டிருந்தன.

தளத்தை மாற்றியவர் பயணச்சீட்டுக் கவுன்டருக்கு மேலே கடை வைத்திருக்கும் கம்ப்யூட்டர்காரர். மாமாவால் அறையைப் பூட்டிவிட்டு வரமுடியாது.

"நீ போய்ச் சொல்லிட்டு வாடி வாயாடி."

படியேறும்போது சொல்லவேண்டியதை நான்கு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். மேலே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. செல்பேசியை அவர் முன்னால் நீட்டினேன்.

"என்னம்மா? ஸ்கிரீன் போச்சா?"

"வலைப்பூ... பூவுல இருக்கு."

"என்னது?"

"பூ பூக்குற பூவுல."

அவர் வாங்கிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"நான் ஒவ்வொண்ணா பிரிக்கலம்மா. கடைசிச் சொல்லைப் பார்த்து தானாப் பிரிச்சுக்கற மாதிரி பண்ணேன். நாலு மாச வேலை. எல்லாரும் அழகா இருக்குன்னுதான் சொன்னாங்க, ஒருத்தரும் இதைச் சொல்லலையே."

"அந்தப் பக்கத்துக்கு யாரும் வந்தாத்தானே சொல்ல," என்றேன். நான்தான் சொன்னேன் என்று எனக்கே நம்பமுடியவில்லை.

அவர் சிரித்துவிட்டார். "சரி விடு. வலைப்பூங்கிறதை வலைப்பதிவுன்னு மாத்திடறேன். ரெண்டும் ஒண்ணுதானே? காலையில சரியாயிடும்."

வியாழன் காலை எண்ணிக்கையைப் பார்த்தேன். எட்டரை மணிக்கே எழுபது. மாமா நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பார்த்தார். பதினொரு மணிக்கு நூற்று அறுபது. அப்போது மருந்துக்கடைக்காரர் வெள்ளைக் கோட்டோடு மூச்சிரைக்க உள்ளே வந்தார். இருமல், சளி, மாத்திரை சாப்பிடும் முறை என்று அவரும் ஒரு வலைப்பூ எழுதுகிறார்.

"யோவ், உன் மருமக போய் என்னய்யா சொல்லிட்டு வந்தா? என்னை எங்க கொண்டுபோய் வச்சிருக்கான் பாரு!"

பார்த்தோம். 'பதிவு' என்று ஒரு பகுதி. பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு, இறப்புப் பதிவு. அதற்கு நேர் கீழே, வலைப்பதிவு. இறப்புச் சான்றிதழுக்கான படிவத்தை அடுத்து மருந்துக்கடைக்காரரின் புன்னகைக்கும் படம், பக்கத்திலேயே 'தவறாமல் எங்கள் மருந்தைச் சாப்பிடுங்கள்' என்ற தலைப்பு.

பெருக்குகிற அக்கா துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சிரிக்காதம்மா! உயிரோட இருக்கேனான்னு காலையிலேருந்து மூணு பேர் போன் பண்ணிக் கேட்டுட்டாங்க. இப்பவே போய் அவன் கழுத்தைப் பிடிக்கிறேன்."

"கொஞ்சம் இரு," என்றார் மாமா. "நாளைக்கு நாலு மணி வரைக்கும் விட்டுடு."

"எதுக்கு? நான் நாறிக்கிட்டு இருக்கவா?"

"சான்றிதழ் வாங்காதவங்க யாரு? ஊரே அந்தப் பக்கம்தான் போகுது. இத்தனை பேரு வந்து எத்தனை நாளாச்சு." மாமா குவளையை எடுத்துக் காட்டினார். "நாளைக்கு இதைக் குப்பையில போட்டுருவாங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள்."

மருந்துக்கடைக்காரர் பல்செட்டைப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல வேலைப்பாடு. புதுசு. ஈறு பழகியிருக்காது, அதான் பஸ்ல கழட்டியிருக்காங்க." கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டார். "நாலு மணி. நாலு அஞ்சுக்கு அவன் கழுத்து என் கையில."

வெள்ளிக்கிழமை மதியம்வரை ஏழு பேர் வந்தார்கள். மூன்று குடையும் எக்ஸ்ரேயும் போயின. குவளை அப்படியே இருந்தது. இரண்டு மணி. இரண்டே முக்கால். மாமா சாப்பாட்டைத் திறக்கவேயில்லை. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றே காலுக்கு ஓர் அம்மா வந்தார். ஐம்பது, ஐம்பத்தைந்து வயதிருக்கும். நன்றாக இஸ்திரி போட்ட உடுப்பு. வாயைக் கைக்குட்டையால் மூடியிருந்தார். உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றார். மாமா எழுந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்கம்மா. பதினேழாம் நம்பரா?"

அவர் தலையசைத்தார். பிறகு கைக்குட்டைக்குள்ளிருந்து, "கதைஷி ஷீட்டு," என்றார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

விதிப்படி அடையாளம் சொல்லி, தன்னுடையதுதான் என்று காட்டித்தான் பொருளை வாங்க வேண்டும். மாமா தலையைச் சொறிந்தார். பிறகு குவளையை என்னிடம் கொடுத்து, "பின்னால குழாய்கிட்ட கூட்டிட்டுப் போம்மா" என்று மட்டும் சொன்னார்.

நான் டயர் அறைக் குழாயடியில் திரும்பி நின்றுகொண்டேன். தண்ணீர் ஓடுகிற சத்தம், பிறகு ஒரு சின்ன 'டக்'.

"கடைசி," என்று ஒரு குரல். இன்னொரு தடவை, மெதுவாக, ஒவ்வோர் எழுத்தையும் ருசித்துக்கொண்டு, "கடைசி. பஸ். கடைசி சீட்டு."

திரும்பினேன். என்னைப் பார்த்து முழுவாயும் தெரியச் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு ஏன் அழுகை வந்தது என்று தெரியவில்லை.

கையெழுத்துப் போடும்போது அவர் பேசினார், பேசினார், இரண்டு வாரப் பேச்சையும் சேர்த்துப் பேசினார்.

"டாக்டர்கிட்டதான் விட்டுட்டேன்னு நினைச்சு அங்கேயே நாலு நாள் அலைஞ்சேன் சார். அப்புறம் உங்க ஞாபகம் வந்து பார்த்தா, அந்த ஓரத்தையே காணோம். எல்லாத்தையும் எடுத்துட்டாங்கன்னு விட்டுட்டேன்."

"பின்ன எப்படிம்மா வந்தீங்க?"

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "எனக்குத் திங்கட்கிழமை கல்யாணம், ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. இந்த வயசுலயான்னு கேக்காதீங்க. ஒரு தடவை தள்ளிப் போட்டாச்சு. போட்டோ எடுப்பாங்களே, எப்படிப் போய் நிக்கிறது? அவருக்கு இது கட்டின பல்லுன்னே தெரியாது. ரெண்டு வாரமா நான் அவர் போனையும் எடுக்கல. என்னைப் பிடிக்கலையான்னு செய்தி அனுப்பியிருந்தார். சரி, இன்னொரு தேதி வாங்கலாம்னு நேத்து ராத்திரி கல்யாணப் பதிவுல ஃபாரம் தேடிக்கிட்டே வரேன், கீழே பெரிசா எழுதியிருக்கு, கூச்சப்படாமல் வரவும்னு."

"அடடா."

"கல்யாணம் பண்ணிக்கப் போறவங்களுக்குத்தான் சொல்றாங்கன்னு நினைச்சேன். நல்ல மனுஷங்கன்னு நினைச்சுத்தான் உள்ள போனேன்."

மாமா சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போன் செய்தது எங்கள் ஜன்னலுக்குக் கேட்டது. "நான்தான்... ஐயோ, கோபமெல்லாம் இல்லைங்க... திங்கட்கிழமையே வச்சுக்கலாம். தேதியெல்லாம் மாத்த வேண்டாம்... ஏன்னா? நேர்ல சொல்றேன். ஆனா நீங்க சிரிக்கக் கூடாது." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "சரி, சிரிங்க. நானும் சிரிக்கிறேன்."

சரியாக நான்கு மணிக்கு டிப்போ மேலாளர் பையோடு வந்தார். பதிவேட்டில் சிவப்பு வரியை விரலால் தேடி எடுத்து, அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"எங்கய்யா அந்தப் பல்செட்டு?"

மாமா அப்போதுதான் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தார்.

"அது கல்யாணத்துக்குப் போயிருக்கு சார்," என்றார்.