ஹெல்பர் என்று எழுதிய காகிதம்

1

"பதினாறு வருஷமா வெல்டிங் பண்றவரு. இதுல 'ஹெல்பர்'னு போட்டிருக்கே, கண்ணு தெரியலையாண்ணே உனக்கு?"

"அட, சும்மா பேருக்குத்தாம்மா! அங்க போய் இறங்கினதும் மாத்திக்கலாம்."

"இறங்கினதும் மாத்த அது என்ன செருப்பா?"

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்கும் எனக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். கட்டியவனைக் கேளுங்கள், என்மேல் தப்பில்லை. கத்தியவள் வெல்டரின் மனைவி. சமாளித்தவர் அவளுடைய அண்ணன். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட். வெல்டர் வழக்கம்போல் வாயைத் திறக்கவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வானம் கறுத்திருந்த ஒரு மாலையில் அந்த வீட்டில்..."

(அடித்துவிட்டேன். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது.)

அண்ணனை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் என் கேஸ் சிலிண்டரை மூன்று மாடி தூக்கி வந்தார். தங்கை கணவரை ஏமாற்றும் எண்ணமும் அவருக்கில்லை. ஒப்பந்தத்தை அவர் படிக்கவே இல்லை, அவ்வளவுதான். கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார். இதுவரை நாற்பது பேருக்குப் புள்ளி வைத்திருக்கிறார்.

3

"சரி மாப்பிள்ளை, வெல்டிங் டெஸ்ட் பாஸான ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் குடுங்க. ஆபீஸ்ல பத்திரமா இருக்கும்."

"அது வந்து மச்சான்..." (வெல்டர் பேசியது இவ்வளவுதான். நான் சுருக்கவில்லை. மீதியை மனைவி பேசினாள்.)

"தலையணைக்குள்ள வெச்சுத் தைச்சுட்டேன். ஹெல்பரா போனா அங்க ஹெல்பர்தான்ணே. கை கருகினாக்கூட, 'உன்னை யாரு மெஷினைத் தொடச் சொன்னது'ன்னு கேப்பான். எந்தக் காகிதத்தைக் காட்டி நியாயம் கேக்கறது? அவ்ளோ நல்ல வேலைன்னா நீயே போயேன்! முதல்ல இந்தக் காகிதத்தைப் படி!"

4

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் வெல்டர் கையெழுத்துப் போட்டுப் பறக்கிறார், அங்கே மூட்டை சுமக்கிறார், ஒரு நாள் [கை வரவில்லை]. இன்னொன்றில் அண்ணன் திருந்தி, நாற்பது வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்கிறார். இதை என் வீட்டுக்காரரே நம்பவில்லை.

நடந்தது இது. அண்ணன் ரோஷக்காரர், உட்கார்ந்து படித்தார். பக்கம் புரளும் சத்தம் கேட்டது. புள்ளியை ரப்பரால் அழித்தார் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் ரப்பர் சத்தம் சுவர் தாண்டாதே! காகிதம் கையெழுத்தில்லாமல் திரும்பிப் போனது மட்டும் நிச்சயம்.

ஏழு மாதம் கழித்து, வேறோர் ஆபீஸ் வழியாக, 'வெல்டர்' என்றே எழுதிய காகிதத்தோடு அவள் கணவர் வெளிநாடு போனார். தலையணையும் போயிற்று. அடுத்த வருஷம் மனைவியும் போய்விட்டாள். அந்த வீட்டில் இப்போது புதுசாகக் கல்யாணமான ஜோடி. சண்டையே போடுவதில்லை, எனக்குத்தான் பொழுது போகவில்லை.

அண்ணன் இன்னும் ஏஜென்ட்தான். வருகிறவர்களுக்குப் படித்துக் காட்டுகிறாரா, பழையபடி புள்ளி வைக்கிறாரா? அவர் ஆபீஸ் சுவரோ கெட்டிச் சுவர். அந்தப் பக்கம் போனால் நீங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும்.