பேச்சுத்துணை

மலைமேல் வில்பட்டியிலிருந்து எங்கள் பூண்டு மூட்டைகள் வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் பிக்கப்பில் டிரைவர் பக்கத்து சீட் எனக்குத்தான். ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர் வேல்ராஜ். அவர் தூங்காமலிருக்கப் பேசுவது என் வேலை. பேச விஷயம் தீர்ந்தால் அவருடைய அக்காமாரை வம்புக்கு இழுப்பேன். சண்டைச் சூட்டில் கண் சொருகாது.

இரவெல்லாம் குறட்டை விட்டும் பகலில் அவருக்குத் தூக்கம் தீராது. ஒரு நாள் டம்டம் பாறை வளைவில் கண்ணை மூடிவிட்டார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்க, வண்டி மலைப்பக்கம் முட்டி நின்றது. இறங்கியவர் சாவியை என் கையில் வைத்தார்.

"டாக்டரு சரின்னு சொல்லாம இனி இதத் தொட மாட்டேன்."

வேறு ஆம்பளையாக இருந்தால் பிரேக்கைக் குறை சொல்லியிருப்பான்.

தாடை பின்தள்ளி இருப்பதால் தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறது என்றார் மதுரை டாக்டர். மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்கும் காற்று மெஷின் அவருக்கு ஒத்துவரவில்லை. பல்லுக்கு கிளிப் போட்டு வரிசைப்படுத்தி, பிறகு இரண்டு தாடையையும் அறுத்து முன்னால் நகர்த்த வேண்டுமாம்.

மகளைக் கட்டிக்கொடுத்த மனுஷன் வாயில் கிளிப். வாடகை டிரைவரோடு சந்தைக்குப் போனபோது கமிஷன் கடை திருமலைச்சாமி விடுவாரா?

"என்ன வேல்ராஜு, பொண்ணு பாக்கப் போறியாக்கும்?"

"மூச்சு இருந்தாத்தானண்ணே பாக்க முடியும்" என்று கம்பி அத்தனையும் தெரியச் சிரித்தார் இவர். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு முகம் பூசணியாய் வீங்க, வெறும் கஞ்சித் தண்ணீரில் வாரக்கணக்காகக் கிடந்தார். ஒரு முனகல் இல்லை. மறுபடி தூக்கத்தைச் சோதித்துப் பார்த்து, ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன அன்றுதான் என்னிடம் சாவி கேட்டார்.

முதல் லோடுக்கு வெள்ளனே கிளம்பினோம். பயத்தில் நாலு ஊர் வம்பைச் சேர்த்து வைத்திருந்தேன். பெருமாள்மலை தாண்டும்போது பெரிய நாத்தனார் கதையைத் தொடங்கியது நினைவிருக்கிறது.

"நதியா, எந்திரி. சந்தை வந்துருச்சு."

மூட்டை பாதி இறங்கியிருந்தது. திருமலைச்சாமி சிரித்தார்.

"ஏம்மா, பேச்சுத்தொணைக்கு வந்த ஆளு இப்படியா தூங்குறது?"

அந்த மலைப்பாதையில் நான் கண்ணை மூடியது அதுதான் முதல் தடவை.

"ஓட்டுனது எங்க வீட்டுக்காரராச்சேண்ணே" என்றேன், ஊருக்கே கேட்கும்படி.